தொட்டியை நிரப்பிவிட்டு

ஆறு வருடத்துக்குப் பிறகு
உன்னிடமிருந்து வந்த செய்தி இவ்வளவுதான்:
"பாத்ரூமுக்கு டைல்ஸ் நீயே ஒட்டினாயாமே, எப்படி?"
சுகமா என்றுகூட இல்லை.
சரி.
கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் சுவரை நம்பாதே, அண்ணா.
சுவின்டனில் என் வீடு
ரயில் தொழிலாளருக்கென்று கட்டிய வரிசைவீடு,
நூற்றிருபது வயது, ஒரு மூலைகூட நேரில்லை.
உன் ரெடிங் வீடு புதுசு என்பாய்.
புதுச் சுவரும் பொய் சொல்லும்,
மட்டம் வைத்துப் பார்.

தொட்டியின் விளிம்பையும் நம்பாதே.
அதில் எந்த இடம் தாழ்ந்தது என்று கண்டுபிடி,
அங்கிருந்து ஒரு டைல் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக
நேரான மரச்சட்டம் ஒன்றை அடி.
அதன் மேல்தான் முதல் வரிசை உட்காரவேண்டும்.
கீழ்வரிசை கடைசியில்,
பசை இறுகிச் சட்டத்தைக் கழற்றிய பிறகு,
ஒவ்வொன்றாய் அளந்து வெட்டி.

மூலையில் தொடங்காதே. நான் தொடங்கினேன்.
கதவருகே வந்தபோது இரண்டு விரல் இடம் மிஞ்சியது.
அந்தக் கீற்றைத்தான்
தினமும் பல் துலக்கும்போது பார்க்கிறேன்.
சுவரின் நடுவில் கோடு போடு,
பசையில்லாமல் கீழே அடுக்கிப் பார்,
இரு ஓரத்திலும் பாதிக்குக் குறையாத துண்டு வரட்டும்.

பெட்டியின் பக்கவாட்டில் ஓர் இலக்கம் இருக்கும்.
பெயர் ஒன்று, நிறம் ஒன்று,
இலக்கம் வேறென்றால் சூளையில் வெந்த நாள் வேறு.
கடை வெளிச்சத்தில் தெரியாது,
அருகருகே ஒட்டினால் தெரியும்.
பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்கு,
மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கலாம், ரசீதை வைத்திரு.
ரசீது வைக்கும் பழக்கம் உனக்கில்லை என்று தெரியும்.
சீட்டுக்காசு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெட்டும்போது ஒரே இழுவை.
அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கீறினால்
கோட்டை விட்டு உடையும்.

வாளியில் தண்ணீர் முதலில், தூள் பிறகு.
கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் விழாமல் நிற்கவேண்டும்.
ஐந்து நிமிடம் விடு, மறுபடி கலக்கு.
கைக்கு எட்டும் இடத்துக்கு மட்டும் பூசு,
பல்கரண்டியால் ஒரே திசையில் சீவு.
இருபது நிமிடத்தில் பசைக்குத் தோல் கட்டிவிடும்.
விரலால் தொடு,
ஒட்டவில்லையென்றால் சுரண்டி எறி.

நான் எறியவில்லை.
பூசி முடித்த நேரம் நிறைமதி அண்ணியின் அழைப்பு:
உன்னை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம்,
நெஞ்சில் குழாய் விட்டார்களாம்,
என்னை வரவேண்டாம் என்று நீ சொன்னாயாம்.
திரும்பி வந்தபோது முக்கால் மணி கடந்திருந்தது.
அப்படியே அழுத்தி ஒட்டினேன்.
விரல் மடக்கித் தட்டினால்
மற்றதெல்லாம் டிக் என்கிறது,
குழாய்க்குக் கீழே அந்த நான்கும் டொப்.
யார் அழைத்தாலும் எடு.
ஆனால் முதலில் கரண்டியைக் கழுவு.

கிரவுட் மறுநாள்.
ரப்பர் தகட்டால் குறுக்குவாட்டில் இழு,
ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து துடை.
வெண்படலம் நின்றால் பயப்படாதே,
காய்ந்த துணிக்குப் போய்விடும்.

தொட்டியும் சுவரும் சந்திக்கும் இடத்தில் மட்டும்
கிரவுட் வேண்டாம்.
ஒன்று அசையும், ஒன்று அசையாது.
இறுகிப்போகிற எதுவும் அங்கே வெடிக்கும்.
சிலிக்கன் போடு.
போடுமுன் தொட்டியில் தண்ணீரை நிரப்பு.
வெறும் தொட்டிக்குப் பூசினால்
முதல் ஆள் இறங்கும் அன்றே கிழிந்துவிடும்.
பாரம் ஏறிய பிறகுதான்
இடைவெளி எவ்வளவு என்று தெரியும்.
காயும்வரை, ஒரு நாள் முழுக்க, தண்ணீர் நிற்கட்டும்.

மட்டம் பார்க்கும் கருவி உன்னிடம் இருக்காது.
என்னுடையது ஒரு மீட்டர் நீளம்,
தபாலில் அனுப்ப முடியாது.
ரெடிங்குக்கு ரயிலில் அரைமணி நேரம்தான்,
சனிக்கிழமை எனக்கு வேலையில்லை.
பழைய டைல்ஸைக் கழற்றி வை.
இல்லை, வேண்டாம்,
சுத்தியலைத் தொடாதே.
டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும்.
தேநீருக்குப் பால் மட்டும் வாங்கி வை.